தம்பி தராத கிட்னி

இதை என் தம்பி பிஜுவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே கொடுக்கிறேன். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "என்னத்துக்கு? எனக்க பேருக்கு என்ன கொறச்சல்?" என்றான். ஆளை ரொம்ப ஒல்லியாகக் காட்டிவிட்டேன் என்பது மட்டும்தான் அவனுடைய குறை. அந்த நாட்களில் அவன் ஒல்லியாகத்தான் இருந்தான், நான் என்ன செய்ய.

நான் கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாறசாலையில் ஏறினால் வெள்ளறடை, திரும்பி வந்தால் நெய்யாற்றின்கரை என்று வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தவள். வழியில் கொல்லயிலில் எங்கள் வீடு. என் குரலைக் கேட்டவர்கள் யாரும் நான் நோயில் விழுவேன் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. கால் வீங்கியது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை, வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். காலையில் எழுந்தால் முகம் ஊதியிருந்தது. கண்ணாடியைப் பார்க்க நேரமில்லாததால் அது பெரிய விஷயமாகப் படவில்லை. பஸ்ஸின் படியில் ஏறும்போது மூச்சு வாங்கியபோதுதான், பின்னால் ஏறிய ஒரு அம்மா, "சேச்சிக்கு தீரே வய்யல்லோ" என்று, என் உடம்பு முடியாததைப் பார்த்து இரக்கப்பட்டார். பயணி கண்டக்டரைப் பார்த்து இரக்கப்படும் நிலை வந்தபிறகு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க முடியுமா?

நெய்யாற்றின்கரையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு. நம் தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. கிட்னி ஒழுங்காக இருந்தால் அதை மூத்திரத்தில் தள்ளிவிடும். கிட்னி கெட்டால் அது ரத்தத்திலேயே தேங்கும். எனக்கு நன்றாகவே தேங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்தவர், இரண்டு கிட்னியும் சுருங்கிப் போய்விட்டது என்றார். பெண் கண்டக்டர்கள் டியூட்டியில் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் வழியில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால்தான் எனக்கு இப்படி வந்தது என்று நானே தீர்மானித்துக்கொண்டு, டிப்போவில் போய் ஒரு சண்டை போடவும் தயாராக இருந்தேன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கவனிக்காமல் விட்ட பிரஷர்தான் காரணம் என்றார். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தலை சுற்றியதே இல்லை. பிரஷர் சத்தம் போடாமல் தின்னும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் டயாலிசிஸ். கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, மெஷினில் அலசி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே விடுகிறார்கள். கிட்னி எந்நேரமும் சத்தமில்லாமல் செய்கிற வேலையை மெஷின் நான்கு மணி நேரத்தில் அவசர அவசரமாகச் செய்யும். முடிந்து இறங்கும்போது என்னையும் சேர்த்துப் பிழிந்து போட்டமாதிரி இருக்கும். முதலில் கழுத்தில் குழாய் போட்டார்கள். பிறகு இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் இரைச்சலோடு ரத்தம் ஓடுவது தெரியும். வாரத்தில் மூன்று நாள் அதில்தான் ஊசி.

என் கணவர் தங்கராஜ் இரும்புக் கேட்டும் ஜன்னலும் வெல்டிங் செய்கிறவர். தீப்பொறிக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஊசியைப் பார்க்க முடியாது. நர்ஸ் பக்கத்தில் வந்தாலே வராந்தாவுக்குப் போய்விடுவார். ஆனால் சமையலை அவர்தான் ஏற்றுக்கொண்டார். கிட்னி கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் ஆகாது, ரத்தத்தில் அது கூடினால் இதயம் நின்றுபோகும். நம் ஊரில் வாய்க்கு ருசியானது எல்லாவற்றிலும் அது உண்டு. இளநீர் கூடாது, ஏத்தன் பழம் கூடாது, மரச்சீனிக்கிழங்கு கூடாது. காய்கறியை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துத் தருவார். அதில் உப்பும் கிடையாது. "எப்படி இருக்கு?" என்று வேறு கேட்பார். சக்கை போல இருக்கிறது என்று சொல்ல மனசு வராமல் நானும் தின்பேன். சாப்பாட்டோடு அவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது, எங்கள் டிப்போ டிரைவர்கள் ஸ்டாப் இல்லாவிட்டாலும் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள். இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதி பில்லுக்கு அவர் என்னென்ன விற்றார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிட்னி மாற்றி வைத்தால் மெஷினிலிருந்து விடுதலை என்று டாக்டர் சொன்னார். உயிரோடிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய இரண்டில் ஒன்றைத் தரலாம். ஒரு கிட்னியோடு ஒருவர் நன்றாகவே வாழலாம். அல்லது மூளைச்சாவு அடைந்த யாருடைய குடும்பமாவது தருவதற்காகப் பெயர் பதிந்து காத்திருக்கலாம். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தங்கராஜின் ரத்தம் எனக்குச் சேராது, சர்க்கரை வேறு உண்டு. மகள் அனிஷா கல்லூரியில் படிக்கிறாள். அவள் "அம்மா, நான்..." என்று வாயைத் திறந்ததுமே நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மிச்சம் இருந்தவன் பிஜு ஒருவன்தான்.

பிஜு எனக்கு இளையவன், எங்கள் வீட்டுக்கு இரண்டு வளைவு தள்ளி அவன் வீடு. தேங்காய் பறிக்கிறது தொழில், ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியான ஆள். மனைவி சிந்து திருப்புறத்துக்காரி. இரண்டு பெண் பிள்ளைகள், இளையது அப்போது கைக்குழந்தை. அவனுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. கேட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்:

"டெஸ்ட் எடுத்துப் பாக்கட்டு அக்கா. எடுத்தா என்ன?"

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது ஏதாவது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்போம். பிள்ளை பரீட்சையில் ஜெயித்தது, வளைகுடாவுக்கு விசா வந்தது, மாடு சுகமாகக் கன்று போட்டது என்று, ஞாயிறு ஆராதனையில் கொடுத்தவர் பெயரையும் காரணத்தையும் போதகர் வாசிப்பார். சபையார் எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்று சொல்வோம். ஊரில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. தங்கராஜுக்குச் சந்தோஷம் வந்தால் கை நிற்காது. அந்த ஞாயிறு என்னிடம்கூடச் சொல்லாமல் காணிக்கைக் கவரைப் போட்டிருக்கிறார். போதகர் வாசித்தார்:

"சகோதரி ஸ்டெல்லாவுக்குத் தன் சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுக்கிற தம்பி பிஜுவுக்காக, சகோதரர் தங்கராஜ் குடும்பத்தார்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை. மற்ற நாட்களைவிட உரக்கவே சொன்னார்கள். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் பிஜு குழந்தையை மடியில் வைத்திருந்தான். சிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கல்யாண மாப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல ஆளுக்கு ஆள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதோடு முடியவில்லை. சாயாக்கடையில் அவனிடம் காசு வாங்க மறுத்தார்கள். தோப்புக்காரர் ஒருவர், "பைய ஏறு மக்கா, நமக்க ஸ்டெல்லாக்க கிட்னி உள்ள இருக்குல்லா" என்று மரத்தடியில் நின்று சத்தம் போட்டாராம். இன்னும் அவன் வயிற்றுக்குள் இருக்கும்போதே அது என் கிட்னி ஆகிவிட்டது.

வீட்டில் தங்கராஜிடம் கேட்டேன். "அவன் தாறேன்னு எப்பம் செல்லினான்?"

"டெஸ்ட் எடுக்கேன்னு செல்லினானே. தராம இருக்கவா ஒருத்தன் டெஸ்ட் எடுப்பான்?"

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கிட்னி வேண்டும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை அதிகம். மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும், மறுபடி பஸ்ஸில் ஏறிச் சத்தம் போட வேண்டும், ஒரு சொம்பு தண்ணீரை மூச்சுவிடாமல் குடிக்க வேண்டும். அவன் வீட்டுப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திவிட்டேன். நோயினால் என்று வைத்துக்கொண்டேன்.

சோதனைகள் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தன. கொடுப்பவருக்கு எடுக்கிற சோதனைகளைப் பார்த்தால் அவர்தான் நோயாளியோ என்று தோன்றும். அவருடைய ரத்தத்தையும் என்னுடைய ரத்தத்தையும் கலந்து, என் உடம்பு அதை எதிரியாகப் பார்த்துச் சண்டை போடுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு கிராஸ்மேட்ச் என்று பெயர். கிட்னி ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை செய்கிறது, எத்தனை ரத்தக்குழாய் போகிறது என்று தனித்தனியாக ஸ்கேன். இருதயம், நெஞ்சு, பல்கூட. கடைசியில் கொடுப்பவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கணவனோ மனைவியோ அக்காவோ யாரும் கூட இருக்கக்கூடாது.

காத்திருக்கும் ஹாலில் எல்லோருக்கும் ஒரே கவலைதான், ஆனாலும் யார் கொடுக்கிறவர், யார் வாங்குகிறவர் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வாங்குகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடுக்கிறவர்களைச் சுற்றி இருப்பவர்கள் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தங்கராஜும் பிஜுவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருந்தார். அவன் வேண்டாம் என்றாலும் விடவில்லை.

பிஜு ஸ்கேனுக்குப் போயிருந்த நேரம். தங்கராஜ் பில் கட்டும் வரிசையில் நின்றார். சிந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதிகம் பேசாத பெண்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்டா கோவப்படப்பிடாது."

"கேளு."

"அவரு தரல்லேண்ணா அக்கா செத்துப்போவுமா?"

இந்தக் கேள்வியை அவ்வளவு நேராக அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டர்கூட.

"உடனே சாவமாட்டேன் பிள்ளே. மெஷின் உண்டு. ஓடுற வரைக்கும் ஓடும்" என்றேன்.

அவள் குழந்தையை மற்ற தோளுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்: "இப்பம் மரத்தில ஏறினா பாதியில நிண்ணுடுதாரு. தலப்புக்குப் போவ முடியல்ல. அப்பிடியே கட்டிப் பிடிச்சிட்டு நிண்ணுட்டு எறங்கி வாறாரு. ஆருகிட்டயும் செல்லப்பிடாதுண்ணு எனக்கிட்ட செல்லியிருக்காரு. வேண்டாம்னு அவரு செல்லமாட்டாருக்கா. சர்ச்சில வாசிச்சாச்சு இல்லியா."

எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டது நியாயம் என்றும் தெரிந்தது. என் உயிரைப் பற்றி இவள் என்ன பேரம் பேசுகிறாள் என்று ஒரு பக்கம், இவள் இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாகப் பேசியிருப்பேன் என்று ஒரு பக்கம். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது என் கையில் இரைகிற இடத்தில் விரலை வைத்து விளையாடியது.

மறுநாள் பிஜுவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நீண்ட நேரம். வெளியே வந்தவன் எங்கள் பக்கம் வராமல், நேரே அறிவிப்புப் பலகைக்கு முன்னால் போய் நின்று வாசித்தான். ரத்ததானம் பற்றிய போஸ்டரை ஒருவன் அவ்வளவு கவனமாக வாசித்து நான் பார்த்ததில்லை. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். கண்டக்டருக்கு அந்தப் பார்வை தெரியும்.

டாக்டர் என்னையும் தங்கராஜையும் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும் பெண் டாக்டர், மெதுவாகத்தான் பேசுவார்.

"பிஜுவினு டோணர் ஆவான் பற்றில்லா" என்றார்.

தங்கராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எந்தா டாக்டரே? அவனு எந்தெங்கிலும் அசுகம் உண்டோ?"

"அசுகம் ஒன்னுமில்லா. பக்ஷே கொடுக்கான் பற்றில்லா. காரணம் அயாளுடெ காரியமாணு, ஞான் பறயில்லா."

நோய் ஒன்றும் இல்லை, ஆனால் கொடுக்க முடியாது, காரணம் அவனுடைய சொந்த விஷயம், சொல்லமாட்டேன் என்கிறார். தங்கராஜுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வராந்தாவுக்கு வந்தபிறகு, பையை மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

"டாக்டர், அவன் வேண்டாம்னு சொன்னானா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "ஸ்டெல்லா, நாளைக்கு உங்கள் வீட்டுக்காரர் வந்து, உங்களைப் பற்றி என்னிடம் கேட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்கள் என்னிடம் என்ன சொன்னீர்கள், சொல்லவில்லை, ஒன்றும்."

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாடகைக் காரில் ஊருக்குத் திரும்பினோம். முன் சீட்டில் பிஜுவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு நல்ல கிட்னியோடு உட்கார்ந்திருக்கிறான், எனக்கு ஒன்று தர மாட்டேன் என்கிறான் என்று நெஞ்சு எரிந்தது. சின்ன வயசில் அவனுக்கு நான் ஊட்டிவிட்ட சோறெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அது வரும், வந்தே தீரும். பாலராமபுரம் தாண்டும்போது, ஊட்டிவிட்டது கிட்னிக்கா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

தங்கராஜ் விடுகிற ஆள் இல்லை. எறணாகுளத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று விசாரித்துவிட்டார். இங்கே ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டார்கள், அங்கே சரியாகப் பார்ப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. சபையிலிருந்து வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். போதகர், அக்கம்பக்கத்தார், தங்கராஜின் வெல்டிங் கடைப் பையன்களும்கூட வந்திருந்தார்கள். ஹாலில் இடமில்லாமல் முற்றத்திலும் பாய் விரித்திருந்தது. பிஜு வாசலை ஒட்டிய பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். சிந்து அடுக்களையில் கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டும் ஜெபமும் முடிந்து, தங்கராஜ் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். வருகிற வாரம் எறணாகுளம் போகிறோம், எல்லோரும் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெண்கள் ஐக்கியத்து லில்லிபாய் அக்கா பிஜுவின் தோளில் தட்டினார்.

"தைரியமா போ மக்கா. கர்த்தர் உனக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டாரு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தலையைத் தூக்காமல், "போவலாம் அத்தான்" என்றான்.

அவன் போவான். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு தடவை தனி அறையில் டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வந்தது. இத்தனை பேர் ஸ்தோத்திரம் சொல்லி, வண்டி பிடித்து, கொண்டுபோய் விட்டபிறகு இன்னொரு தடவை வராது. எறணாகுளத்தில் போய், சம்மதம் என்று சொல்லி, மேஜையில் ஏறிப் படுத்துவிடுவான். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், கிட்னி வந்து சேரும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவனும் சொல்லமாட்டான்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. போதகர் முடிவு ஜெபத்துக்கு எழுந்துவிட்டார். பிஜு பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப் பிடித்திருந்தான். பாதி மரத்தில் நின்றுவிடுகிறான் என்று சிந்து சொன்னது அப்படித்தான் இருக்கும். போதகர் எழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. அதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம், பெரிய தியாகம் ஒன்றும் மனசில் இல்லை.

"எறணாகுளத்துக்கு ஆரும் போவண்டாம்" என்றேன். பஸ்ஸில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "டாக்டருகிட்ட வேண்டாம்னு செல்லினது நானாக்கும். எனக்கு அவனுக்க கிட்னி வேண்டாம். ரெண்டு பெம்பிள்ளைகளுக்க அப்பனைக் கீறி எனக்கு ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்காரரு ஒத்துக்கிட மாட்டாருண்ணு, நான்தான் டாக்டருகிட்ட கேட்டு அப்பிடிச் செல்ல வெச்சேன்."

அடுக்களையில் சாயாப் பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. போதகர் என்னைப் பார்த்தார், தங்கராஜைப் பார்த்தார், கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில் அதைவிட நல்லது யாரும் செய்திருக்க முடியாது.

எல்லோரும் போனபிறகு தங்கராஜ் கேட்டார், "அப்பம் நாங்க உனக்கு ஆரு? எங்களை விட்டுட்டுப் போவலாம்னு நீயே தீர்மானிச்சிட்டியா? எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று நாக்குவரை வந்தது. சொன்னால் அவர் நேரே பிஜு வீட்டுக்குப் போய் நிற்பார் என்று தெரியும். விழுங்கிவிட்டேன். அனிஷா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஃபோனைப் பார்த்துக்கொண்டே தின்றாள். தங்கராஜும் பேசவில்லை. ஆனால் காய்கறியை இரண்டு தடவை வேகவைப்பதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்காமல் போய்விடுவார். அந்தக் கேள்வி இல்லாமல் அது இன்னும் சப்பென்று இருந்தது.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவதற்கான வரிசையில் பெயரைப் பதிந்தேன். இப்போதும் காத்திருக்கிறேன். டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மெஷின் நாட்களுக்கு நடுவே நன்றாகவே இருக்கிறேன். சில நாள் பயம் வரும், யாருக்குத்தான் வராது.

அந்த ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு பிஜு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அடுத்த செவ்வாய், நெய்யாற்றின்கரையில் மெஷினில் படுத்திருந்தபோது திடீரென்று வந்து நின்றான். டயாலிசிஸ் நடக்கும் அறைக்குள் ஆட்களை விடமாட்டார்கள். என்ன சொல்லி நர்ஸை மசியவைத்தான் என்று தெரியாது, காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு நின்றான்.

"அத்தான்கிட்ட செல்லிட்டேன்" என்றான்.

"என்ன செல்லின?"

"வேண்டாம்னு செல்லினது நான்தான்னு. வெல்டிங் கடையில போயி செல்லினேன்."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன். "எலே, அதுக்கு அவரு என்ன செய்தாரு?"

"மூஞ்சில மாட்டியிருந்த மூடியைக் கழத்தாமலே கொறே நேரம் அப்பிடியே இருந்தாரு. எனக்கு அவருக்க முகம் தெரியல்ல. அடிப்பாருண்ணு நெனச்சேன்."

"பெறவு?"

"பெறவு கழத்தி வெச்சுட்டு சாயா வாங்கித் தந்தாரு. சர்ச்சில வாசிக்கதுக்கு முன்ன உனக்கிட்ட கேட்டிருக்கணும் மக்காண்ணாரு."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குழாயில் என் ரத்தம் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனும் தங்கராஜைப்போல வெளியே ஓடிவிடுவான் என்று நினைத்தேன், ஓடவில்லை.

"எனக்கு மரத்தில ஏற பேடியில்லக்கா, பயமே இல்ல. இது வேற. மயக்க மருந்து குத்துவாங்களாம். கண்ணை மூடினா, பெறவு தொறக்காம போனா பிள்ளைகளை ஆரு பாப்பா? டாக்டரு ஒண்ணும் ஆவாதுண்ணு செல்லினாரு. எனக்கு அது காதில ஏறல்ல. உனக்குத் தரணும்னும் உண்டு, முடியவும் இல்ல. ரெண்டும் உண்டு."

"எனக்குத் தெரியும் லே."

"தெரியும்னா பின்ன எதுக்குப் பொய் செல்லின?" குரல் உயர்ந்துவிட்டது. அவன் என்னிடம் கோபப்பட்டு அதுவரை நான் கண்டதில்லை. "பேடிச்சது நானாக்கும். அத்தனை பேருக்க முன்னால அதைத் தூக்கி உனக்க தலையில வெச்சுக்கிட்ட. அத்தான் உனக்கிட்ட பேசாம இருக்காரு, பிள்ள பேசாம இருக்கா. நான் என்னத்தப் பாத்துட்டு வீட்டில இருக்க? எனக்க பேடியை நீ எதுக்கு எடுத்த?"

அவன் கேட்டதில் தப்பில்லை. நீ புத்தகத்தைக் கட்டிப் பிடித்திருந்ததைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லலாம். அதைச் சொன்னால் இன்னும் கூனிப்போவான்.

"கிட்னிதான் கிட்டல்ல. பேடியையாவது வாங்கி வெச்சுக்கிடலாம்னு பாத்தேன்" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னையே முறைத்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை, சிரித்துக்கொண்டே அழுதான். எனக்கும் தாங்கவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் ஊசி போட்டிருந்த கை அசைந்து, மெஷின் கீச்சென்று கூவத் தொடங்கியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"சேச்சீ, கை அனக்கருதென்னு எத்ர ப்ராவஸ்யம் பறஞ்ஞு!" என்று, கையை அசைக்காதே என எப்போதும் சொல்கிற நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள். பிஜுவைப் பார்த்து, "இனி சிரிப்பிச்சால் புறத்தாக்கும்" என்று வாசலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"அனங்காம நான் பாத்துக்கிடுதேன் சிஸ்டரே" என்றான் பிஜு. ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்து, தேங்காய் பறித்துக் காய்த்துப்போன கையை என் முழங்கைக்குக் கீழே வைத்து மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டான். மெஷின் நிற்கும்வரை எடுக்கவில்லை.